‘தி கிராண்ட் சோஃபி’யை வாசகர் வட்டத்தில் பேசுவது எப்படி?

ஆங்கில நாவலாசிரியர் ஜார்ஜெட் ஹேயரின் ‘தி கிராண்ட் சோஃபி’ 1950-இல் வெளிவந்தது. கதை நடப்பது 1816-இல், லண்டனில். நகைச்சுவையான வரலாற்றுக் காதல் நாவல் என்று யார் பட்டியல் போட்டாலும் இந்தப் பெயர் வரும். அதே அளவுக்கு, பாதியில் மூடிவைத்தவர்களின் பட்டியலிலும் வரும். ஐந்து நட்சத்திரமும் ஒரு நட்சத்திரமும் அடுத்தடுத்து விழுகிற புத்தகம் இது. இரண்டையும் போட்டவர்கள் பல நேரம் சுட்டிக்காட்டுவது ஒரே காட்சியைத்தான்.

வாசகர் வட்டத்துக்கு இப்படிப்பட்ட புத்தகம் நல்ல தீனி. ஆனால் தயார் செய்யாமல் எடுத்தால் இருபது நிமிடத்தில் கூட்டம் இரண்டாகிவிடும். மீதி நேரம் இரண்டு பேர் மட்டும் பேச, மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். காரணம் எளிது. சிரிப்பு வந்ததா, காதல் நம்பும்படி இருந்ததா, காலம் சரியாக இருக்கிறதா, மனம் உறுத்தியதா என்ற நான்கு கேள்விக்கும் எல்லோரும் சேர்த்து ‘பிடித்தது’, ‘பிடிக்கவில்லை’ என்று ஒரே விடை சொல்கிறார்கள். இந்த நான்கையும் பிரித்துவிடுவதுதான் கூட்டம் நடத்துகிறவரின் முதல் வேலை. கடைசி வேலையும் அதுவே. கீழே வருவதெல்லாம் அதற்கான வழிகள்.

எல்லோரிடமும் ஒரே புத்தகம் இருக்கிறதா?

தேதி குறிப்பதற்கு முன்பே பதிப்பைக் குறியுங்கள். இந்த நாவலுக்கு இப்போது இரண்டு பாடங்கள், அதாவது இரண்டு எழுத்து வடிவங்கள், புழக்கத்தில் உள்ளன. பழைய பாடத்தில் கோல்ட்ஹாங்கர் என்ற வட்டிக்காரர் யூதராகவே, யூத வெறுப்பின் பழைய அச்சுகள் அத்தனையோடும் வருகிறார். 2023-இல் வந்த அமெரிக்க மறுபதிப்பில், ஹேயரின் உரிமைதாரர்களின் இசைவோடு அந்தக் குறிப்புகள் நீக்கப்பட்டன. ஒருவர் கையில் பழையது, இன்னொருவர் கையில் புதியது என்றால் நடுவில் வரும் அந்தக் காட்சியைப் பற்றி இருவரும் இரண்டு வெவ்வேறு புத்தகங்களைப் பேசிக்கொண்டிருப்பார்கள். ‘அப்படி என்ன மோசமாக எழுதிவிட்டார்?’ என்று ஒருவர் கேட்பார். மற்றவருக்குக் கோபம் தலைக்கேறும். இருவர் மேலும் தப்பில்லை.

ஆகவே உறுப்பினர்களிடம் முன்கூட்டியே பதிப்பு ஆண்டையும் பதிப்பாளர் பெயரையும் கேட்டு வாங்குங்கள். அட்டைப்படம் போதாது, உரிமைப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மின்நூலில் இது இன்னும் முக்கியம். ஒலிநூல் கேட்பவர்கள் இருந்தால் அது முழுமையானதா சுருக்கமா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். சுருக்கத்தில் முதலில் வெட்டுப்படுவது சின்னச் சின்னப் பேச்சுகள்தான், இந்த நாவலின் நகைச்சுவையோ முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது. இரண்டு பாடமும் கைவசம் இருப்பது குறையல்ல. அந்தக் காட்சியை மட்டும் இரண்டிலிருந்தும் எடுத்து அருகருகே வைத்தால் அரை மணி நேரத்துக்கு நல்ல பேச்சு கிடைக்கும். தெரியாமல் கலப்பதுதான் கேடு.

படிக்க நான்கு வாரம் கொடுங்கள். முந்நூறு பக்கத்தைத் தாண்டும் புத்தகம். முதல் ஐம்பது பக்கத்தில் ரீஜென்சி காலத்து (பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம்) கொச்சைச் சொற்கள் வாசகரை மிரட்டும். 1785-இல் ஃபிரான்சிஸ் குரோஸ் தொகுத்த கொச்சை அகராதியைப் போன்ற பழைய புத்தகங்களில் காணும் வகைச் சொற்கள் அவை. இங்கிலாந்து வாசகருக்கே பாதி புரியாது. ஒவ்வொன்றையும் அகராதியில் தேடினால் சிரிப்பு செத்துவிடும். பேசுகிறவர் பெருமை அடிக்கிறாரா, புலம்புகிறாரா என்று தெரிந்தால் போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாதியில் நிறுத்துகிறவர்களில் பலர் கருத்து வேறுபாட்டால் நிறுத்துவதில்லை, இந்தச் சொற்களில் களைத்துத்தான் நிறுத்துகிறார்கள். அவர்கள் கூட்டத்துக்கு வந்து ‘போரடித்தது’ என்று சொன்னால், ஹேயரை வெறுக்கும் கட்சியில் அவர்களைச் சேர்த்துவிடாதீர்கள்.

ஒரே பக்கத்தில் பின்னணி

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் ஒரே ஒரு பக்கக் குறிப்பு அனுப்புங்கள். இரண்டு பக்கம் என்றால் யாரும் படிக்க மாட்டார்கள். அதில் இருக்க வேண்டியவை கதையைப் புரிந்துகொள்ள உதவும் செய்திகள் மட்டுமே. ஹேயரின் வாழ்க்கை வரலாறு வேண்டாம். அவர் 1902-இல் பிறந்து 1974-இல் மறைந்தார், முதல் நாவல் 1921-இல் வந்தது என்ற ஒரு வரி போதும்.

ரீஜென்சி என்பது மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மனநோயால் ஆள முடியாமல் போக, 1811 முதல் 1820 வரை அவர் மகன் ஆட்சிப் பொறுப்பைப் பார்த்த காலம். வாட்டர்லூ போர் முடிந்தது 1815 ஜூனில். கதாநாயகி சோஃபி லண்டனில் அத்தை வீட்டுக்கு வந்து இறங்குவது அடுத்த ஆண்டு. தூதுவரான தந்தையோடு போர்க்கால ஐரோப்பாவில் வளர்ந்தவள். படை அதிகாரிகளோடு சரிக்குச் சரி பேசிப் பழகியவள். லண்டன் மேட்டுக்குடி வீட்டுக்குள் அவள் ஒட்டாமல் நிற்பதன் காரணம் இதுதான்.

அடுத்து, அந்த வீட்டு மூத்த மகன் சார்ல்ஸுக்கும் யூஜீனியா என்ற பெண்ணுக்கும் ஆகியிருக்கும் நிச்சயதார்த்தம். இதை எழுதாமல் விட்டால் கூட்டத்தில் யாராவது கண்டிப்பாகக் கேட்பார்கள்: யூஜீனியாவைப் பிடிக்கவில்லை என்றால் சார்ல்ஸ் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட வேண்டியதுதானே? முடியாது. அந்தச் சமூகத்தில் நிச்சயத்தைப் பெண் முறிக்கலாம். ஆண் முறித்தால் அவன் கனவான் இல்லை என்று ஆகிவிடும். பெண் வீட்டார் வழக்கும் போடலாம். இங்கிலாந்தில் அந்த வழக்குரிமை 1970-இல் இயற்றிய சட்டத்தால்தான் ஒழிந்தது. ஆகவே சோஃபி செய்யும் சூழ்ச்சிகள் பலவும் ஒரே குறியை நோக்கிப் போகின்றன: யூஜீனியா தானாகவே மோதிரத்தைக் கழற்ற வேண்டும். இது தெரியாதவருக்குச் சோஃபி வேலையற்ற வம்புக்காரி. தெரிந்தவருக்கு, பூட்டிய அறையில் சாவி தேடுகிறவள்.

வீட்டில் தந்தை உயிரோடு இருக்க மூத்த மகன் சார்ல்ஸ் ஏன் அதிகாரம் செய்கிறான் என்பதற்கும் ஒரு வரி தேவை. தந்தை ஓம்பர்ஸ்லி பிரபு சூதாட்டத்தில் கடனாளி. உறவுக்காரப் பெரியவர் ஒருவரின் சொத்து சார்ல்ஸுக்கு வந்து, அவன் அந்தக் கடனை அடைத்திருக்கிறான். பணப்பை யார் கையில் இருக்கிறதோ அவர் பேச்சுதான் எடுபடும். அவன் கடுகடுப்புக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அது நியாயமா என்பது வேறு கேள்வி.

பணத்தின் அளவையும் குறியுங்கள். சார்ல்ஸின் தம்பி ஹூபர்ட் வட்டிக்காரரிடம் வாங்கிய கடன் 500 பவுண்டு. அந்தக் காலத்தில் வீட்டுப் பணிப்பெண் ஒருத்தியின் ஆண்டுச் சம்பளம் 20 பவுண்டைத் தொடாது. ஆண்டு வட்டி 5 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்ற சட்டம் இங்கிலாந்தில் 1854 வரை இருந்தது. 21 வயது நிரம்பாதவருக்குக் கொடுத்த கடனை நீதிமன்றத்தில் வசூலிக்க முடியாது. ஹூபர்ட் அந்த வயதை எட்டாதவன். சோஃபி வட்டிக்காரரிடம் துணிந்து பேசுவதற்குத் துப்பாக்கி மட்டும் காரணமல்ல, சட்டமும் அவள் பக்கம் இருக்கிறது.

கூட்டம் தொடங்குமுன் நான்கு மதிப்பெண்

எட்டு முதல் பன்னிரண்டு பேர், இரண்டு மணி நேரம். இதற்கு மேல் ஆள் சேர்ந்தால் இரண்டு வட்டமாக உட்கார வையுங்கள். உள்ளே வருகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுத்தாள் கொடுங்கள். பெயர் எழுத வேண்டாம். சிரிப்பு, காதல், காலம், உறுத்தல் என்ற நான்குக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் தனித்தனி எண். உறுத்தல் என்றால் எவ்வளவு உறுத்தியது என்ற அளவு. ஐந்து என்றால் மிக அதிகம். பேச்சு தொடங்குமுன் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் முதலில் குரல் உயர்த்துகிறவரின் எண்ணையே மற்றவர்களும் எழுதிவிடுவார்கள்.

எண்களை ஒரு பலகையில் வரிசையாக எழுதிப் போடுங்கள். சராசரி எடுக்காதீர்கள். சராசரி எடுத்தால் எல்லாம் மூன்றாகிவிடும். நீங்கள் தேடுவது பிளவை. பெரும்பாலும் இரண்டு வகைத் தாள்கள் கண்ணில் படும். ஒன்று, சிரிப்பு ஐந்து, உறுத்தலும் ஐந்து. இப்படி எழுதியவர்தான் கூட்டத்தின் பொக்கிஷம். புத்தகத்தை உள்ளும் புறமும் பார்த்தவர் அவர். தானே கையைத் தூக்கினால் முதலில் அவரைப் பேச விடுங்கள். மற்றொன்று, காதல் ஒன்று, மற்றதெல்லாம் நான்கு. காதல் நாவல் என்று நம்பி வாங்கி ஏமாந்தவர். அவருக்கும் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும்.

உரக்க வாசிக்க மூன்று இடங்கள்

நகைச்சுவையைப் பற்றி விவாதிக்காதீர்கள், வாசியுங்கள். சிரிப்பு வந்ததா இல்லையா என்று பேசிப் பேசி யாரையும் சிரிக்க வைத்துவிட முடியாது. ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் பேசுகிற கூட்டமாக இருந்தால் இது இரட்டிப்பாகப் பொருந்தும். கதையைத் தமிழில் எடுத்துச் சொன்னால் நகைச்சுவை ஆவியாகி, சம்பவம் மட்டும் மிஞ்சும். ஒவ்வொரு பகுதியும் இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பாத்திரத்துக்கு ஒருவராகப் பிரித்துக் கொடுங்கள்.

முதல் இடம், சோஃபி பெர்க்லி சதுக்கத்து வீட்டுக்கு வந்து இறங்குவது. சோஃபியின் அப்பா முன்பே வந்து, தன் தங்கையான சார்ல்ஸின் அம்மாவிடம் ‘என் குட்டி சோஃபி’ என்ற தொனியில் சொல்லி வைத்துவிட்டுப் போகிறார். எல்லோரும் வெட்கப்படும் சின்னப் பெண்ணை எதிர்பார்த்து நிற்கிறார்கள். வருகிறவளோ ஐந்தடி ஒன்பது அங்குலம். கூடவே ஒரு குரங்கு, ஒரு கிளி, ஒரு வேட்டை நாய். வாசிக்கும்போது ஆட்களின் முகத்தைக் கவனியுங்கள். இங்கேயே சிரிக்காதவர் புத்தகம் முழுக்கச் சிரித்திருக்க மாட்டார். அதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. ஹேயரின் உத்தி இங்கே தெளிவாகத் தெரியும். எதிர்பார்ப்பை ஒருவர் வாயால் கட்டியெழுப்பி, சத்தமே இல்லாமல் அதை உடைப்பது.

இரண்டாம் இடம், செயின்ட் ஜேம்ஸ் தெருவில் வண்டி ஓட்டுவது. ஆண்களின் கிளப்புகள் நிறைந்த தெரு. மானமுள்ள குடும்பத்துப் பெண் அந்தப் பக்கம் வண்டியில் போகக் கூடாது. சோஃபி பக்கத்தில் யூஜீனியாவை உட்கார வைத்துக்கொண்டே அந்தத் தெருவுக்குள் வண்டியைத் திருப்புகிறாள். இது வாசகரைச் சோதிக்கும் இடம். சோஃபியின் துணிச்சலை ரசிக்கிறோமா, அல்லது தன் பெயரே தன் சொத்து என்று வாழும் ஒரு பெண்ணை அவமானப்படுத்துவதை ரசிக்கிறோமா? இரண்டும் ஒரே செயல். யூஜீனியாவை ஹேயர் ஒட்டுக்கேட்பவளாக, அறிவுரை சொல்பவளாக, புறம் பேசுபவளாகவே வரைந்திருக்கிறார். இரக்கம் வந்துவிடாதபடி பார்த்துக்கொள்கிறார். அந்தப் பாத்திரத்துக்கு ஒரே ஒரு நல்ல கணம் இருந்திருந்தாலும் இந்தக் காட்சி சிரிப்பாக நிற்காது. கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி: அப்படி ஒரு கணம் எங்காவது இருக்கிறதா, தேடிக் காட்டுங்கள்.

இந்தக் கேள்வியை இங்கே கேட்காமல் மூன்றாம் இடத்துக்குப் போகாதீர்கள். மூன்றாவது இடம் கோல்ட்ஹாங்கர்.

வட்டிக்காரர் காட்சி

ஹூபர்ட் மாட்டிக்கொண்ட கடனை அடைக்கச் சோஃபி தன் வைரக் காதணிகளை விற்று 500 பவுண்டு திரட்டுகிறாள். குளிருக்குக் கைகளை நுழைத்துக்கொள்ளும் மஃப்புக்குள் துப்பாக்கியை மறைத்துக்கொண்டு, தனியாக அந்த ஆளின் இடத்துக்குப் போகிறாள். அசலை மட்டும் கொடுத்து, பத்திரத்தையும் அடகு மோதிரத்தையும் மீட்டு வருகிறாள். சம்பவமாகப் பார்த்தால் நாவலின் உச்சம் இது. ரசிகர்கள் சோஃபியைக் கொண்டாடும் இடமும் இதுவே. அதே பக்கங்களில்தான் வட்டிக்காரரின் மூக்கும் தலைமுடியும் பணத்தாசையும் அவர் இனத்தின் இயல்பாகச் சொல்லப்படுகின்றன.

ஷேக்ஸ்பியரின் ஷைலக்கும் டிக்கன்ஸின் ஃபேகினும் போன்ற யூதப் பாத்திரங்கள் இருக்கும் மரபிலிருந்து வந்த உருவம் இது. சோஃபியின் நகைச்சுவை எப்போதும் ஒரே விதமாகத்தான் வேலை செய்கிறது: எதிரே நிற்பவர் ஒரே குணத்தால் ஆன பொம்மை, சோஃபி மட்டும் முழு மனுஷி. யூஜீனியா முன் அது சமூகக் கேலியாகப் போய்விடுகிறது. கோல்ட்ஹாங்கர் முன் அதே உத்தி ஓர் இனத்தின் மீது விழுகிறது. ‘அந்தக் காட்சியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை ரசிக்கலாமே’ என்று சமரசம் பேசுகிறவர்களுக்கு இதுதான் பதில். சிரிப்பும் உறுத்தலும் ஒரே இயந்திரத்திலிருந்து வருகின்றன. புத்தகத்தை விலக்க வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் போட முடியாது என்பதுதான் பொருள்.

இந்தக் காட்சியை உரக்க வாசிக்க வேண்டுமா என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். வட்டிக்காரரின் வர்ணனையை யாரையும் நடித்துக் காட்ட விடாதீர்கள். கேலிக்குரலில் வாசித்தால் கூட்டம் அந்த நொடியே கெட்டுவிடும். எல்லோரும் மௌனமாக அந்த இரண்டு பக்கத்தை ஐந்து நிமிடம் படித்துவிட்டு, உறுத்திய சொற்களைப் பென்சிலால் அடிக்கோடிடட்டும். பிறகு அடிக்கோடிட்டதை ஒப்பிடுங்கள். ‘யூதர்’ என்ற சொல்லை மட்டும் கோடிட்டவர்கள் சிலர். தலைமுடி, உடை, கைகள் பற்றிய வர்ணனைகளையும் சேர்த்துக் கோடிட்டவர்கள் சிலர். பதிப்பாளர் அந்தப் பாத்திரத்தின் இனத்தை மட்டும் நீக்கினால் போதுமா, உருவ வர்ணனை மிஞ்சினால் வாசகருக்கு யாரென்று தெரியாமலா போகும் என்ற கேள்வி தானாக மேலே வரும்.

அப்போது ஒருவர் சொல்வார்: ‘அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள்.’ எந்தக் காலம் என்று திருப்பிக் கேளுங்கள். கதை 1816-இல் நடக்கிறது, எழுதியது 1950-இல். ஐரோப்பாவின் யூதர்களில் அறுபது லட்சம் பேர் கொல்லப்பட்டு முடிந்து ஐந்தே ஆண்டு. 1816-இன் பாத்திரம் ஒன்று வட்டிக்காரரைப் பற்றி இழிவாகப் பேசினால் அது காலத்தின் குரல் என்று சொல்லலாம். கதைசொல்லியே தன் குரலில் வர்ணித்தால் அது 1950-இன் குரல். யாருடைய வாயில் வருகிறது என்று வரிக்கு வரி பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வாதம் சூடு தணிந்து, சான்று பார்க்கும் வேலையாக மாறும்.

மறுபுறத்திலிருந்து ஒருவர், செத்துப்போன எழுத்தாளரைத் திருத்துவது இந்தக் காலத்து அட்டகாசம் என்பார். அவருக்கு டிக்கன்ஸை நினைவூட்டுங்கள். ‘ஆலிவர் ட்விஸ்ட்’டில் ஃபேகினை வரைந்த விதம் யூதர்களுக்குச் செய்த அநீதி என்று எலைஸா டேவிஸ் என்ற யூதப் பெண்மணி 1863-இல் கடிதம் எழுதினார். டிக்கன்ஸ் 1867 பதிப்பில் ‘யூதர்’ என்ற குறிப்புகள் பலவற்றைத் தானே நீக்கினார். ஆனால் அவர் உயிரோடு இருந்து திருத்தினார். ஹேயர் மறைந்து அரை நூற்றாண்டு கழித்துத் திருத்தியது வேறு கை. இந்த வேறுபாடு பெரியதா சிறியதா என்பதில் நியாயமான மனிதர்கள் இரு பக்கமும் நிற்கலாம். எங்கள் கருத்து: பழைய பாடத்தை ஒரு முன்குறிப்போடு அச்சில் வைத்திருப்பதே மேல். திருத்தினால், திருத்தியதை முன்பக்கத்தில் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

இந்தப் பகுதிக்கு நாற்பது நிமிடம். அதற்குமேல் நீட்டினால் மற்ற மூன்று மதிப்பெண்ணும் பேசப்படாமலே போகும்.

அத்தை மகன்

மேற்கத்திய வாசகர்களில் பலர், குறிப்பாக அமெரிக்கர்கள், நெளியும் இன்னோர் இடம் உண்டு. சோஃபியும் சார்ல்ஸும் நேரடி உறவு. சார்ல்ஸின் அம்மாவும் சோஃபியின் அப்பாவும் கூடப்பிறந்தவர்கள். நம் கணக்கில் சொன்னால் அவன் அவளுக்கு அத்தை மகன். அவள் அவனுக்கு மாமன் மகள். முறைப்படி கட்டிக்கொள்ள வேண்டியவர்கள்! தமிழ்க் கூட்டத்தில் இதற்காக ஒரு புருவமும் உயராது. இங்கிலாந்திலும் அன்று சட்டத் தடையில்லை. 1840-இல் விக்டோரியா அரசி மணந்த ஆல்பர்ட்டும் முதல்நிலை உறவினரே. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும், பல மாநிலங்களில் இந்தத் திருமணத்துக்கு அனுமதியில்லை. ஒரே செய்தி ஓரிடத்தில் அருவருப்பாகவும் இன்னோரிடத்தில் சாதாரணமாகவும் படுவதைப் பத்து நிமிடம் பேசலாம். ஓர் எச்சரிக்கை: ‘அப்படியானால் யூத வர்ணனையும் இதைப்போல இடத்துக்கு இடம் மாறும் உணர்ச்சிதானே’ என்று யாராவது இரண்டையும் முடிச்சுப்போடுவார்கள். ஒன்று இருவர் சம்மதித்துச் செய்யும் திருமணம். மற்றொன்று ஒரு மக்கள்கூட்டத்தின் மேல் பூசிய சேறு. அங்கேயே பிரித்துவிடுங்கள்.

காதல் எங்கே என்று கேட்பவர்களுக்கு

1970-களில் அமெரிக்காவில் கிளம்பிய, படுக்கையறைக் கதவு திறந்திருக்கும் வரலாற்றுக் காதல் நாவல்களுக்குப் பழகியவர்கள் இந்தப் புத்தகத்தில் திகைத்துப் போவார்கள். நாவல் முழுக்க இருவரும் சண்டை போடுகிறார்கள். கடைசிப் பக்கங்களில் சார்ல்ஸ் மணம் கேட்கும்போதுகூடத் திட்டிக்கொண்டேதான் கேட்கிறான். அவள் சம்மதிப்பதும் கேலியாகவே. இதைக் கொஞ்சல் என்று படித்தவர்கள் உண்டு, முரட்டுத்தனம் என்று படித்தவர்களும் உண்டு.

பேச்சு பொதுவாகப் போகாமலிருக்க ஒரு வேலை கொடுங்கள். சார்ல்ஸின் மனம் மாறும் இடத்தைப் பக்க எண்ணோடு காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலோர் சின்னத் தங்கை அமபெல் காய்ச்சலில் கிடக்கும் பகுதியைக் காட்டுவார்கள். சோஃபி அங்கே சூழ்ச்சி எதுவும் செய்வதில்லை. குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறாள், அவ்வளவுதான். இன்னும் முன்னால், அவன் குதிரைகளை அவள் கேட்காமல் ஓட்டிப்போன இடத்திலேயே தொடங்கிவிட்டது என்பார்கள் சிலர். இடத்தைக் காட்டவே முடியாதவர்கள் சொல்வதற்கும் மதிப்புண்டு: காதல் வளர்ந்ததை அவர்கள் பார்க்கவில்லை, முடிவில் அறிவிக்கப்பட்டதாகவே உணர்ந்தார்கள்.

சார்ல்ஸின் இன்னொரு தங்கை சிசீலியாவின் கதையையும் இதில் சேர்த்துப் பேசுங்கள். அழகான, உதவாக்கரைக் கவிஞன் ஃபான்ஹோப் ஒரு பக்கம்; வீட்டார் பார்த்த சார்ல்பரி பிரபு மறுபக்கம். பாவம், அவருக்குப் பெண் கேட்டு முடிக்க வேண்டிய வேளையில் தாளம்மை வந்து கன்னம் வீங்கிவிடுகிறது. சிசீலியாவையும் சார்ல்பரியையும் சேர்க்கச் சோஃபி செய்யும் வேலைகள் கடைசியில் சார்ல்பரியின் கையிலேயே குண்டு உரசும் அளவுக்குப் போகின்றன, அதுவும் சிசீலியாவுக்கு இரக்கம் பிறக்க வேண்டும் என்பதற்காக! கடைசி அத்தியாயங்களில் கிராமத்து மாளிகை ஒன்றில் எல்லோரும் வந்து குவிய, நடுவே வாத்துக் குஞ்சுகள் ஓடுகின்றன. மேடை நாடகத்துக்குரிய களேபரம். அடுத்தவர் வாழ்க்கையை இப்படித் திருப்பிவிட இவளுக்கு யார் உரிமை கொடுத்தார்கள் என்று கேட்பவருக்கு நாவல் பதில் சொல்வதில்லை. அவள் நினைத்தது ஒவ்வொன்றும் பலித்துவிடுகிறது. எதற்கும் அவள் விலை கொடுப்பதில்லை. குறை என்று சொல்லத்தக்கதில் எங்களுக்குப் பெரிதாகப் படுவது இதுவே.

கூட்டம் கெடும் இடங்கள்

முதல் சறுக்கல், புத்தகத்தைப் பற்றிய கருத்து ஆளைப் பற்றிய கருத்தாக மாறுவது. ‘இதை ரசிப்பவர்கள் எப்படிப்பட்டவர்களோ’ என்ற தொனி வந்ததும் ரசித்தவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். பிறகு எவ்வளவு கேட்டாலும் திறக்க மாட்டார்கள். ‘நீங்கள்’ என்று தொடங்கும் வாக்கியத்தை ‘இந்த வரி’ என்று தொடங்கச் சொல்லித் திருப்பிவிடுங்கள்.

இரண்டாவது, காலப்பிழை வேட்டை. ஹேயர் உடை, வண்டி, பேச்சு எல்லாவற்றையும் உழைத்துச் சேகரித்தவர். இருந்தும் யாராவது ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, அது 1816-இல் இருந்ததா என்று கைப்பேசியில் தேடத் தொடங்குவார்கள். ஒரு தாளில் எழுதி ஓரமாக வைத்துவிடுங்கள், முடிந்ததும் பார்க்கலாம். காலத்தைப் பற்றிப் பேச உருப்படியான கேள்வி வேறு: இவர் காட்டும் 1816-இல் யார் இல்லை? போரிலிருந்து வேலையின்றித் திரும்பிய சிப்பாய்கள், விலை ஏறிய ரொட்டி, அந்த மாளிகைகளின் அடுக்களையில் நிற்பவர்கள். நகைச்சுவைக்காக விட்டதா, கண்ணில் படாமல் விட்டதா? இதில் காலம் தெரிந்தவரும் தெரியாதவரும் சமமாகப் பேச முடியும்.

மூன்றாவது, முடித்திராதவர்கள். பன்னிரண்டு பேரில் இரண்டு மூன்று பேராவது முடிக்காமல் வருவார்கள். அவர்களை முதலில் பேச விட்டு, எந்தப் பக்கத்தில் ஏன் நிறுத்தினார்கள் என்று கேளுங்கள். முடிவைச் சொல்வதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரம்: துண்டுத்தாளுக்கும் பலகைக்கும் 10 நிமிடம், முதல் இரண்டு வாசிப்புக்கு 25, வட்டிக்காரர் காட்சிக்கு 40, அத்தை மகன் 10, காதலும் சூழ்ச்சியும் 20, கடைசி 15 நிமிடத்தில் அதே நான்கு கேள்விக்கு மறுபடி மதிப்பெண். இரண்டாம் சுற்றில் சிரிப்பு எண் அதிகம் மாறாது. உறுத்தல் எண்தான் நகரும், சில நேரம் கீழேயும். கட்சி மாறச் சொல்லி யாரையும் வற்புறுத்த வேண்டாம். இரண்டு வரிசை எண்களையும் படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்பிவிடுங்கள், அடுத்த புத்தகம் தேர்ந்தெடுக்க அது உதவும். காதல் எண் குறைந்து சிரிப்பு எண் கூடியிருந்தால் ஹேயரின் ‘வெனீஷியா’வை (1958) வையுங்கள், காதல் அதில் தொடக்கத்திலிருந்தே கண்முன் வளரும். சிரிப்பு எண்ணே இரண்டைத் தாண்டவில்லை என்றால் ஹேயரை விட்டுவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்.